தோல்வாரில் தொடங்கும் தொழில்

மடக்குக் கத்தியில் சவரம் பழக வருகிறவனை எங்கள் தொழிலில் யாரும் எடுத்த எடுப்பில் முகத்தின் பக்கம் விடுவதில்லை. முதலில் தோல்வார். சுவரில் மாட்டிய தோல்பட்டையை இடக்கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னே வரும்படி இழுக்க வேண்டும். திருப்பும்போது கத்தி முதுகின் மேல்தான் புரள வேண்டும். கூரின் மேல் புரண்டால் தோலும் கிழியும், கூரும் மடங்கும். சாணைக்கல்லில் இதற்கு நேர்மாறு. அங்கே கூர் முன்னே போக வேண்டும். "தோள் ஆடக் கூடாதுடா, மணிக்கட்டு மட்டும்" என்று நாயனா, அதாவது அப்பா, பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, கடையில் தமிழ், வருகிறவர்களில் பாதிப் பேரிடம் கன்னடம். ஓசூரில் கடை வைத்தவனுக்கு இந்த மூன்றும் வேண்டும்.

தோல்வார் படிந்த பிறகு மண்பானை. பானையின் வயிற்றில் சோப்பு நுரை தடவி, தேய்ந்துபோன பழைய கத்தியால் வழிக்கச் சொல்வார்கள். வளைவுக்கு ஏற்றபடி கத்தியின் சாய்வு மாறாமல் கை போகப் பழக வேண்டும் என்பதற்காக. சாய்வு சுமார் 30 பாகை இருக்கலாம். அதற்குக் குறைந்தால் மயிர் இழுபடும், கூடினால் தோல் சீவும். அடுத்து நாயனாவின் கெண்டைக்கால். அதற்கடுத்து தாத்தாவின் தலை. பார்ப்பவர்களுக்குத் தலை ஆபத்தாகத் தெரியும். ஆனால் அடியில் எலும்பு தாங்குவதால் தோல் நழுவாது, கற்பவனுக்கு அதுதான் நல்ல இடம். முகத்தில் முதலில் கன்னம், பிறகு மேலுதடு, தாடை. கடைசியாகத்தான் தொண்டை. வெந்நீர் ஒற்றடம் தாராளமாக வேண்டும். வலக்கை எத்தனை பழகினாலும் தோலை இழுத்துப் பிடிக்கும் இடக்கைதான் சவரத்தைக் காப்பாற்றுகிறது.

இந்த வரிசையை எழுதி வைப்பதற்குக் காரணம், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். இணையத்தில் வாங்கிய ஜெர்மன் கத்தியுடன் எங்கள் கடைக்கு வந்தார். தனக்குத் தானே சவரம் செய்யப் பழக வேண்டுமாம். அந்த ஆசைக்கும் ஒரு வரலாறு உண்டு. பாரிஸில் கத்தி செய்துவந்த ழான் ழாக் பெரே 1769இலேயே தன் முகத்தைத் தானே மழிக்கக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை எழுதினார். அந்த இளைஞர் தன் கத்தியின் உருக்கைப் பெருமையாகக் காட்டியபோது, இந்த மண்ணுக்கும் அந்த உருக்குக்கும் உள்ள உறவை அவருக்குச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு, தமிழகத்தில் இரும்பின் பழமை கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அது மிகப் பழைய கதை. சவரக்கத்தியோடு நேராக வந்து சேரும் கதை அண்மைக் காலத்தது. 1965 வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. அந்தச் சேலம் பகுதியில் இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்கட்டையைச் குகை எனப்படும் சிறு மண்கலத்தில் போட்டு, எருக்கிலை போன்ற பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதி உருக்கு எடுத்தார்கள். தென்னாட்டில் பல இடங்களில் நடந்த இந்தத் தொழிலின் சரக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றார்கள். 1790களில் இந்திய உருக்கின் மாதிரிகள் லண்டனுக்குப் போயின. அங்கே ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி அதைச் சோதித்து, ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இது மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டார். மின்சார ஆராய்ச்சியால் பின்னாளில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் அவரோடு சேர்ந்து உருக்கை ஆராய்ந்தார். ஃபாரடே கொல்லரின் மகன். அந்த ஆய்வில் கிடைத்த கலப்பு உருக்கில் சவரக்கத்திகள் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தார்.

இந்தக் கதையில் இன்னொருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டு, சேலத்துக் கனிமத்தை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் இரும்பாலை தொடங்கினார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்ட் நகரின் உருக்குச் செலவு அதனால் குறைந்தது. உரிமைக்காகப் பல ஆண்டு வழக்காடி, பலன் கிடைக்காமலே 1851இல் இறந்துபோனார். ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்த கத்திகள் கப்பலேறி வந்தன. எங்கள் உலைகளோ அணைந்தன. தாத்தாவின் அடைப்பத்தில், அதாவது சவரப் பையில், இருந்த இரண்டு கத்திகளில் ஒன்று சோலிங்கன் கத்தி. மற்றது உள்ளூர்க் கொல்லர் அடித்தது. கூர் அதிக நாள் நின்றது சோலிங்கன் கத்தியில்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தாத்தாவுக்குக் கடை கிடையாது. அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கத்தி, சாணைக்கல், பித்தளைக் கிண்ணி, நகக்குறடு, வெட்டுக்காயத்துக்குப் படிகாரம் எல்லாம் அதில் இருக்கும். கூலி அறுவடைக் களத்தில் கேழ்வரகாக வரும். மாமா கல்யாணங்களுக்கு நாகசுரம் வாசிப்பார். தெலுங்கு, கன்னடப் பகுதிகளில் கத்தியும் நாகசுரமும் ஒரே சமூகத்தின் கையில் இருந்ததால், எங்கள் எல்லையிலும் அப்படித்தான். ஊருக்கு வைத்தியமும் தாத்தாதான் பார்த்தார், பாட்டி பிரசவம் பார்த்தார். இத்தனைக்கும் தாத்தாவைத் திண்ணைக்கு மேல் யாரும் ஏற்றவில்லை. தாத்தாவுக்கும் கீழே என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களுக்குச் சவரம் செய்யக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். அந்தக் கட்டளைக்கு நாங்களும் பணிந்துதான் கிடந்தோம்.

அப்படிப்பட்ட தடைகளுக்கு எதிராக, 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், கடைகளுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவின் மீது விவாதம் நடந்தது. கடை என்பது எதையெல்லாம் குறிக்கும் என்ற கேள்வி எழுந்தபோது, கேட்டு வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஆயத்தமாக ஒருவர் இருக்கும் இடமே கடை என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கம் தந்தார். அந்த விளக்கத்துக்குள் சலூனும் அடங்கும். எங்கள் தொழிலைப் பற்றி இதைவிட மேலான வரையறையை நான் கண்டதில்லை.

அந்த வரையறையை ஓசூரில் என் கண்ணால் பார்க்க வைத்தது சிப்காட் தொழிற்பேட்டை. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே காலத்தில் டிவிஎஸ் மொபெட், அடுத்து டைட்டன் கடிகாரம். வெளியூர்ப் பையன்கள் மூக்கண்டப்பள்ளியிலும் பாகலூர் சாலையிலும் அறை எடுத்துத் தங்கினார்கள். ஷிப்டுக்கு முன் சவரம் வேண்டும் என்று விடிகாலையிலேயே கடை வாசலில் நிற்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. நாயனா சுழல் நாற்காலி வாங்கினார். கேழ்வரகு போய்க் காசு வந்தது. கூலிக்காகக் களத்தில் நிற்பதும் ஒழிந்தது.

மடக்குக் கத்தியின் முடிவும் அந்தப் பத்தாண்டிலேயே தொடங்கியது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். ஆளுக்கு ஆள் புது பிளேடு என்ற பேச்சு மெல்ல எங்கள் கடைவரை வந்தது. பிளேடை இரண்டாக ஒடித்துச் சொருகும் கத்திக்கு நாங்கள் மாறினோம். அது சரியான மாற்றம். ஒரே கத்தியை ஊருக்கெல்லாம் வைத்த காலம் திரும்பி வரவே கூடாது. ஆனால் பாதி பிளேடுக்குத் தோல்வாரும் சாணைக்கல்லும் தேவையில்லை. கூரை உண்டாக்கும் அறிவு வேலையிலிருந்து கழன்று போயிற்று. இன்று என் கடையில் வேலை செய்யும் பையன்கள் தலைமுடி வெட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். கத்தி தீட்டத் தெரிந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

அந்த இளைஞருக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்தேன். தன் கத்தி, தன் முகம் என்பதால் தொற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவருக்கு நான் சொன்னது இதுதான்: மங்கிய வெளிச்சத்தில் செய்யாதீர்கள், அவசர நாளில் கத்தியைத் தொடாதீர்கள், முதல் சில வாரங்கள் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் எங்கள் சொந்தங்களின் வீட்டுப் பரணில் அடைப்பங்கள் இன்னும் இருக்கின்றன. துருப்பிடித்த கத்தி என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். கத்தி யாருடையது, எந்த ஊரில் புழங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.