கடை மூடினாலும் பிரேக் பிடிக்கணும்!

1963, டிசம்பர் 9. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பதினாறே நாள். ஊர் பண்டிகைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் தலையில் இடி விழுந்தது. 'ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலை மூடப்படுகிறது!' சுமார் ஏழாயிரம் பேருக்கு வேலை போச்சு. கனடாவில் இருந்த தொழிற்சாலை மட்டும் 1966 மார்ச் வரை தாக்குப்பிடித்தது. அத்தோடு சரி.

ஏதோ நேற்று முளைத்த கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். 1852-ல் ஹென்றி, கிளமென்ட் என்ற இரண்டு சகோதரர்கள் தொடங்கிய கொல்லன் பட்டறை அது. தம்பி ஜான், தங்கவேட்டை நடந்த கலிஃபோர்னியாவுக்குப் போனார். தங்கம் தோண்டவில்லை. தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றார்! கெட்டிக்காரர். எட்டாயிரம் டாலரோடு ஊர் திரும்பி, அண்ணன்களின் தொழிலில் போட்டார். குதிரை வண்டி, ராணுவ வண்டி, 1902-ல் எலெக்ட்ரிக் கார், 1904-ல் பெட்ரோல் கார் என்று பட்டறை பிரமாண்டமாக வளர்ந்தது.

சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அந்தக் கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்தது. 1962-ல் 'அவான்டி' என்ற காரை அறிமுகப்படுத்தியபோது, அதன் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்தியது. அன்றைய அமெரிக்கக் கார்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் டிரம் பிரேக்தான்!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புச் சட்டி. பெடலை மிதித்தால், உள்ளே இருக்கும் இரண்டு 'ஷூ'க்கள் விரிந்து சட்டியின் உள்சுவரை உரசும். மலைச்சரிவில் திரும்பத் திரும்ப மிதித்தால் சட்டி சூடாகி விரிந்து, ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் இறங்கிக்கொண்டே போகும்... வண்டி நிற்காது! டிஸ்க் பிரேக்கில் திறந்தவெளியில் சுற்றும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் 'பேட்' கவ்விப் பிடிக்கும். காற்று படுவதால் சூடு சீக்கிரம் தணியும். இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால், உலகம் நிமிர்ந்து பார்த்தது 1953-ல். டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார், பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் 24 மணி நேரம் ஓடி, சராசரியாக மணிக்கு நூறு மைலுக்கும் மேலான வேகத்தில் ஜெயித்தது. அந்த டன்லப் முறையைத்தான் பெண்டிக்ஸ் கம்பெனி மூலம் அவான்டிக்குக் கொண்டுவந்தார்கள்.

ஸ்டூடிபேக்கர் தயாரித்த அவான்டி ஐயாயிரம்கூட இல்லை. அதற்கு முன் லட்சக்கணக்கில் விற்ற மற்ற ஸ்டூடிபேக்கர்களில் டிரம்தான். அவற்றை இன்றைக்கும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், இன்றைய நெடுஞ்சாலையில் முன்னால் போகிற புதுக்கார் சட்டென்று நிற்கும். பின்னால் வரும் கிழவர் நிற்க வேண்டாமா? அதனால்தான் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பொருத்தும் 'கிட்' தேடி அலைகிறார்கள்.

இந்த கிட்டைச் செய்பவை பெரிய கம்பெனிகள் அல்ல. ஒரு லேத், ஒரு வெல்டிங் மிஷின் என்று நடத்தப்படும் சின்னப் பட்டறைகள். முதலாளிக்கு வயசாகும். பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்காது. ஒருநாள் ஷட்டர் இறங்கிவிடும். கிட் வாங்கியவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பேட் தேய்ந்தால் எங்கே போவது?

பதறவேண்டாம்! அந்த கிட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒரு ரகசியம் தெரியும். பெரும்பாலும் தட்டு ஏதோ ஒரு ஃபோர்டு காருடையது. கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் ஏதோ ஒரு செவர்லே காருடையது. எல்லாம் லட்சக்கணக்கில் தயாராகி, சாதாரணக் கடையில் கிடைப்பவை. பட்டறைக்காரர் சொந்தமாகச் செய்தது, இவற்றை ஸ்டூடிபேக்கரின் அச்சோடு இணைக்கும் ஒரு பிராக்கெட் மட்டும்தான். அது சுலபத்தில் தேயாது. தேய்கிற பேட் எந்தக் காருடையது என்று தெரிந்தால் போதும், பக்கத்துக் கடையிலேயே வாங்கிவிடலாம். கடை மூடும்போது நிஜமாகத் தொலைவது அந்த நம்பர்தான்!

அமெரிக்கக் காயலாங்கடைக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். எந்தக் காரின் பாகம் வேறு எந்தக் காருக்குப் பொருந்தும் என்று பட்டியலிடும் ஹாலண்டர் கையேடு 1930-களிலிருந்தே அவர்களுக்கு வேதப்புத்தகம்.

பிராக்கெட்டே உடைந்தால்? அங்கேதான் உஷார் தேவை. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. அந்தப் பாரத்தைத் தாங்குவது இந்த இரும்புத் துண்டுதான். 'தகடு ஒன்று வெட்டிக் கொடுப்பா' என்று கேட்டு வாங்கி மாட்டுகிற சமாசாரம் இல்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. டிரம் பிரேக்கின் குழாயில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் தங்கும்படி ஒரு வால்வு வைப்பார்கள். சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு. அதை அப்படியே டிஸ்க்குக்கு விட்டால் பேட் ஓயாமல் உரசி, தட்டு காய்ந்துவிடும். சரி, வால்வையே எடுத்துவிடலாமா? பழைய ஸ்டூடிபேக்கர்களில் மாஸ்டர் சிலிண்டர் கால்வைக்கும் பலகைக்கு அடியில், பள்ளத்தில் இருக்கும். பிரேக் ஆயில் அங்கே இறங்கிவிடும். அதனால் 2 பவுண்டு வால்வு போடவேண்டும். 10-க்கும் 2-க்கும் உள்ள இந்த வித்தியாசம் பட்டறைக்காரரின் மண்டைக்குள் மட்டும் இருந்து, அவரோடு போய்விட்டால்..?

சௌத் பெண்டில் தொலைந்தது பாகங்கள் மட்டுமல்ல. பென்ஷன் நிதியில் போதிய பணம் இல்லாததால், ஓய்வுபெறும் வயதை எட்டாத சுமார் நாலாயிரம் தொழிலாளிகளுக்குச் சேரவேண்டியதில் 15 சதவிகிதம்தான் கைக்கு வந்தது. அவர்களைவிட இளையவர்களுக்குப் பைசாகூட இல்லை. அந்த அநியாயம் நாட்டையே உறுத்த, 1974-ல் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு பென்ஷன் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

பென்ஷனுக்குச் சட்டம் வந்தது. பிரேக்குக்கு? இல்லாமல் போன பட்டறையை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆகவே, உங்களிடம் எந்தப் பழைய வண்டி இருந்தாலும், கடைக்காரர் உயிரோடும் உற்சாகத்தோடும் இருக்கும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள் - 'இந்த பேட் எந்தக் காருடையது அண்ணே?' பதிலை ஒரு நோட்டில் எழுதி, காரின் டாஷ்போர்டிலேயே வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை ஓட்டப்போகிறவர், வளைவில் பெடலை மிதிக்கும்போது உங்களை நினைத்துக்கொள்வார்!