துரைக்கு முன்னே மிதிவண்டி
1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் எழுந்த ஒரு கோரிக்கை

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் எவரும் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தைக் கடந்து செல்ல முடியாது. ஆயினும் அதனைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் கூலியைப் பற்றியனவாகவே இருக்கின்றன. ஐந்து காசு உயர்ந்ததா, பத்துக் காசு உயர்ந்ததா என்னும் கணக்கோடு நின்றுவிடுகிறோம். அன்று தொழிலாளர் சார்பில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைப் பட்டியலை முழுமையாக எடுத்துப் படிப்பவர் சற்றே திகைப்பர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழித்தல், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, பேசவும் கூடவும் உரிமை, உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை எனப் பெரிய செய்திகள் வரிசையாக நிற்கும் அப்பட்டியலில், இவற்றோடு தோளுக்குத் தோள் நிற்கிறது இன்னொரு கோரிக்கை. ஐரோப்பிய நிர்வாகிகளுக்கும் ஆசிய ஊழியர்களுக்கும் முன்பாகத் தொழிலாளர் மிதிவண்டியில் ஏறிச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்பதே அது.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் இதனைச் சொன்னபோது ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, சைக்கிள் ஓட்டுவதற்கு எதற்கு அனுமதி?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் காலத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1930-களின் தொடக்கத்தில் உலகைப் பிடித்த பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி குறைந்தது. பலர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் வந்து நிலைமையை ஆராய்ந்தார். 1937-இல் நேரு இந்நாட்டிற்கு வந்து சென்றார். கூலி ஓரளவு மீண்டபின் 1938-இல் மறுபடியும் குறைக்கப்படவே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பருக்குக் கிராக்கி ஏறிற்று. அரிசி விலையும் ஏறிற்று. கூலி மட்டும் 50 காசில் நின்றது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளி கூடுதலாகப் பெற்றார். இந்த நிலையில்தான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டங்களுக்குள் புகுந்தது. அதன் முன்னணியில் நின்றவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். அவருக்குத் துணையாக ஒய். கே. மேனன் இருந்தார்.

இனி மிதிவண்டிக்கு வருவோம். போருக்கு முந்திய தோட்டத்தில், மிதிவண்டியில் வரும் தொழிலாளி எதிரே துரையைக் கண்டால் இறங்கிவிட வேண்டும். வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு நடந்து, துரை கடந்து சென்ற பிறகே மீண்டும் ஏற வேண்டும். துரைக்கு மட்டுமன்று, கிராணிமாருக்கும் இதே மரியாதை. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை. எழுதாத வழக்கமாகவே இருந்தது. மீறியவனுக்கு அடுத்த நாள் பெரட்டில் வேலை கிடைக்குமா என்பது ஐயம். வேலை போனால் லய வீடும் போகும்.

இவ்வழக்கத்தின் வால் எவ்வளவு நீளமானது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். என் தாத்தா கிள்ளானுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் சிறுவனாக இருந்த 1970-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டனர். பங்களாவில் நம் நாட்டவரே நிர்வாகியாக இருந்தார். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மிதிவண்டி மிதித்து வரும் தாத்தா, பங்களா மேட்டுக்குக் கீழே உள்ள பாலம் வந்ததும் இறங்கிவிடுவார். நானும் இறங்கி நடப்பேன். மேடாக இருப்பதால் மிதிக்க முடியவில்லை போலும் என்றே பல நாள் எண்ணியிருந்தேன். திரும்பி வரும்போது அதே இடம் இறக்கம். அப்போதும் அவர் இறங்கினார். பங்களாவின் முன்கூடத்தில் யாருமே இல்லாத நாட்களிலும் இறங்கினார். என் தந்தை அதனைச் சொல்லிக் கடிந்துகொண்டால், “கால் பழகிப்போச்சுடா” என்பார்.

மிதிவண்டியில் அப்படி என்ன இருந்தது? நடந்து செல்பவன் துரையின் குதிரையையோ மோட்டார் காரையோ அண்ணாந்து பார்க்கிறான். மிதிவண்டியில் ஏறியவனின் தலை சற்று உயர்கிறது. அவன் வேகமும் உயர்கிறது. சலாம் வைக்கக் கையும் ஒழிவதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேல்சாதியார் தெருவில் செருப்பணியக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, மிதிவண்டியை விட்டு இறங்கியே செல்ல வேண்டும் என்று இருந்த கட்டுப்பாடுகளை நாம் அறிவோம். கடல் கடந்து வந்தால் அவையெல்லாம் கரைந்துவிடும் என்று நம்பியே பலர் கப்பலேறினர். இங்கு வந்து பார்த்தால் தெருவின் பெயர் மட்டுமே மாறியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு என்பது என் கருத்து. தோட்டம் தனியார் நிலம். அதனுள் ஓடும் சடக்கும் தனியார் சடக்கு. யார் வரலாம், யார் போகலாம் என்பதை நிர்வாகமே முடிவு செய்தது. தொழிலாளியின் உலகம் லயம், வெளிக்காடு, ஸ்டோர், கள்ளுக்கடை என்னும் நான்கு எல்லைக்குள் அடங்கியிருக்கும் வரையில் நிர்வாகத்திற்குக் கவலை இல்லை. மிதிவண்டி அந்த எல்லையை உடைத்தது. வேலை முடிந்த பிற்பகலில் ஒருவன் கிள்ளான் பட்டணத்திற்குப் போய்ச் செய்தித்தாள் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பலாம். அடுத்த தோட்டத்தில் என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். உறவினர் தடையின்றி வந்துபோகும் உரிமையும் மிதிவண்டி உரிமையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதை இவ்வாறு பார்த்தால் இரண்டும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள் என்று விளங்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மிதிவண்டிக்காரனுக்குச் சாலையில் உரிமை வேண்டும் என்று முதன்முதலில் சங்கம் அமைத்துப் போராடியோரில் ஆங்கிலேயர் முன்வரிசையில் நின்றவர். 1878-இல் ஹாரோகேட் நகரில் அவர்களுடைய மிதிவண்டிப் பயணிகள் சங்கம் தோன்றிற்று. அமெரிக்காவில் 1880-இல் நியூபோர்ட் நகரில் அதுபோன்றதொரு சங்கம் எழுந்து, நல்ல சாலைகளுக்காக இயக்கமே நடத்திற்று. இங்கிலாந்தில் குதிரைவண்டிக்காரர்களின் எதிர்ப்பையும் ஊர்க் கட்டுப்பாடுகளையும் கடந்து, 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியும் ஒரு வண்டியே என்று அறிவித்தது; ஒருவரைக் கடந்து செல்லும்போது மணியடித்தோ வேறு வகையிலோ எச்சரித்தால் போதும் என்றது. இறங்கி நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நாட்டிலிருந்து வந்த துரைமாரின் தோட்டங்களில்தான், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தமிழன் மணியடிக்கவும் துணியாமல் இறங்கி நின்றான்.

வெள்ளையரை மட்டும் குற்றம் சாட்டி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் கோரிக்கையின் சொற்கள் நம்மை விடமாட்டா. “ஆசிய ஊழியர்களுக்கும் முன்பாக” என்கிறது அது. அந்நாளில் கிராணிமாராகவும் மருத்துவ உதவியாளராகவும் இருந்தோர் பெரும்பாலும் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் ஆவர். கொடுமை செய்யும் ஆசிய ஊழியரை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும் என்பதும் அதே பட்டியலில் உண்டு. தமிழ் பேசினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் நம்பினர் போலும். கங்காணிகளும் தமிழ் பேசினர் என்பதை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. ஆசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தபோது, பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் பொழுது கிடைத்தபோது வாத்தியார் ஆனார். அத்தகைய வாத்தியார்களைக் கண்டும் மிதிவண்டிகள் நின்றிருக்கும். முறையான கல்வி வேண்டும் என்று தொழிலாளர் கேட்டது, அரைகுறைப் பள்ளிகளைப் பற்றிய அவர்கள் தீர்ப்பு.

1941ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நடந்த முதற்கட்டப் போராட்டம் நாளொன்றுக்கு ஐந்து காசு உயர்வோடு அடங்கியது. தோட்ட முதலாளிகள் அதனோடு கதை முடிந்தது என்று எண்ணினர். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதன்பின் எழுந்ததுதான் பெரும் புயல். கூலிக்காக நின்றவர்கள் இப்போது ஒரு மனிதனை விடுவிக்கக் கோரி நின்றனர். வேலைநிறுத்தம் கிள்ளானைக் கடந்து சிலாங்கூர் மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் பரவியது. பங்குகொண்டோர் ஏறத்தாழ 20,000 பேர். அரசு மே மாத நடுவில் அவசர நிலையை அறிவித்து, இந்தியப் படைவீரர்களையே கொண்டுவந்து இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிற்சங்கச் சட்டம் ஏட்டளவில் 1940-லேயே இயற்றப்பட்டிருந்தது என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏழு மாதங்கள் சென்றன. 1941 டிசம்பரில் வடக்கே கரையிறங்கிய சப்பானியப் படை மிதிவண்டியில் தெற்கு நோக்கி வந்தது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார் முன்னரே பங்களாவைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூர் நோக்கிச் சென்றுவிட்டனர். எவருக்கும் இறங்காத மிதிவண்டிகளைத் தோட்ட மக்கள் அப்போதுதான் கண்டனர். அதில் மகிழ அவர்களுக்கு அதிக நாள் வாய்க்கவில்லை. சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கும் லோரிகள் விரைவில் அதே சடக்கில் வந்தன.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் பல தோன்றி, 1954-இல் பி. பி. நாராயணன் முதலியோர் முயற்சியால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்தன. இறங்கும் வழக்கம் எந்த நாளில் மறைந்தது என்று சொல்ல ஓர் ஆணையோ ஒப்பந்தமோ காட்டுவதற்கில்லை. ஒரு தோட்டத்தில் ஓர் இளைஞன் இறங்காமல் போயிருப்பான், ஒன்றும் நடந்திராது, மறுநாள் இருவர் போயிருப்பர்.

மிதிவண்டி இருந்த இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் உரிமை என்னும் பேச்சும் உருமாறிற்று. 1973-இல் மலேசியாவில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்கு உண்டு. அதே 1973-இல் இங்கிலாந்திலும் அச்சட்டம் வந்தபோது, தலைக்கவசம் அணிவதும் அணியாததும் தன் விருப்பம் என்று ஓட்டுநர் சங்கம் அமைத்துப் போராடினர். பிரெட் ஹில் என்னும் முதியவர் பன்முறை சிறை சென்று, 1984-இல் சிறையிலேயே இறந்தார். தமிழ்நாட்டிலும் 2015-இல் உயர் நீதிமன்றம் தலைக்கவசத்தை வலியுறுத்தியபோது மதுரை வழக்கறிஞர்கள் எதிர்த்து ஊர்வலம் சென்றனர். இவர்களுடைய துணிவைக் குறைத்துரைக்க மாட்டேன். ஆயினும் கிள்ளான் கோரிக்கையை இதனோடு ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. தலையைக் காப்பதற்கு இடும் கட்டளையும் தலையைத் தாழ்த்துவதற்கு இடும் கட்டளையும் வேறு வேறு.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனிப்பாதை 1970-களில் அமைக்கப்பட்டது. இவ்வகையில் உலகிற்கே முன்னோடியான பாதைகளுள் ஒன்று அது. தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறியபின் பட்டணத்திற்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அதில் உணவுப் பொட்டலம் சுமந்து விரைகின்றனர். பிரிக்பீல்ட்ஸ் கடைவாசல்களில் கைப்பேசியைப் பார்த்தபடி அவர்கள் காத்து நிற்பதை நாள்தோறும் காணலாம். 2022 ஆகஸ்டில் அவர்களும் ஊதியக் குறைவை எதிர்த்து வேலையை நிறுத்தினர். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தற்சார்புத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்கு முறையீட்டு வழியையும் தீர்ப்பாயத்தையும் சமூகப் பாதுகாப்பையும் வகுத்திருக்கிறது. குறைகளைக் கூறுவோரைப் பழிவாங்கலாகாது, தொழிலாளர்க்கென ஒரு சங்கம் அமைக்க விட வேண்டும் என்னும் இரண்டு கோரிக்கைகளும் 1941ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ளவை.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பட்டியலைத் தந்தோரின் பிள்ளைகள் சிலர் இன்றும் தொண்ணூறு வயதைக் கடந்து நம் வட்டாரத்தில் வாழ்கின்றனர். அவர்களிடம் கூலி எவ்வளவு என்று கேட்டால் சரியான விடை வராது, நினைவு தடுமாறும். எந்த இடத்தில் மிதிவண்டியை விட்டு இறங்குவார்கள், எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு நடப்பார்கள், மறுபடி எங்கே ஏறுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் தாத்தாவின் தோட்டத்தில் பாலத்திலிருந்து புன்னை மரம் வரை. அந்தத் தொலைவை நான் நடந்து எண்ணியிருக்கிறேன். என் காலடிக்கு நூற்று நாற்பது.