தூக்கிலிட்டவர்கள் எழுதிவைத்த சின்ன மருது

காரைக்குடிப் பக்கம் கல்லலை ஒட்டி ஒரு கிராமம். அரண்மனை சிறுவயல் என்று பெயர். மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிறாவயல் வேறு, இது வேறு. அரசி வேலு நாச்சியாருக்குப் பக்கபலமாக நின்று சிவகங்கைச் சீமையை மீட்டு, பிறகு அதன் நிர்வாகத்தையே கையில் வைத்திருந்த சின்ன மருது வாழ்ந்த ஊர் இதுதான்.

1795 பிப்ரவரியில் அந்த அரண்மனைக்கு ஒரு விருந்தாளி வந்தார். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இளம் அதிகாரி. வாசலில் ஒரு காவலாளிகூட இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். கறுத்த நிறம், கம்பீரமான உடல், கனிவான பேச்சு, தலையசைத்தாலே சட்டம் என்று சீமை கேட்கும் செல்வாக்கு. இதுதான் வெல்ஷ் கண்ட சின்ன மருது. அண்ணன் பெரிய மருது ஆட்சியில் தலையிடாத வேட்டைப் பிரியர். ஆர்க்காட்டு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைத்துவிடுவாராம். ஈட்டி எறியவும் வளைதடியான வளரியை வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று வெல்ஷ் எழுதுகிறார். தேர்ந்த கையிலிருந்து போகும் வளரி 100 கஜத்துக்குள் இருப்பதைத் தப்பவிடாது என்பதும் அவர் கணக்கு.

ஆறு வருடம் கழித்து அதே வெல்ஷ் அதே சிறுவயலுக்குப் படையோடு வந்தார்.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மருதிருவரிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்க மருதுகள் மறுத்தார்கள். ஜூலைக் கடைசியில் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலை எட்டியபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்கு எதுவும் மிஞ்சக்கூடாதென்று ஊர்க்காரர்களே வைத்த தீ. அங்கிருந்து காளையார்கோவில்வரை அடர்ந்த காடு. ஒரு மாதம் மரம் வெட்டிப் பாதை போட்டுப் பார்த்தார் அக்னியூ. பகலில் வெட்டினால் நாலா பக்கமும் தாக்குதல். செப்டம்பர் தொடக்கத்தில் அந்த வேலையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். பிறகு கம்பெனி வேறு வழி பார்த்தது. சீமைக்கு உரிமை கோரிய படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைச் சோழபுரத்தில் ஜமீன்தாராக அறிவித்து மருதுகளின் ஆதரவைப் பிளந்தது. அக்டோபர் 1 அன்று மூன்று பக்கமாக வந்து காளையார்கோவிலைப் பிடித்தது.

அந்த மாதமே சகோதரர்கள் இருவரும் சிக்கினார்கள். தொடை எலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது சிறையில் கிடந்தார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர் கோட்டையில் அண்ணனோடும் ஆதரவாளர்களோடும் தூக்கிலிடப்பட்டார். தனக்கு ஆயுதம் பழக்கியவரைக் காட்டு விலங்கைப்போலத் துரத்த நேர்ந்ததே என்று வெல்ஷ் வருந்துகிறார். அவருடைய இராணுவ நினைவுகள் லண்டனில் அச்சானது 1830-ல்.

சின்ன மருதுவின் கடைசி மகன் துரைச்சாமிக்குத் தூக்கு இல்லை. சிறுவன் என்று உயிரோடு விட்டார்கள். ஆனால் ஊரில் விடவில்லை. 1802 பிப்ரவரியில் 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அதில் அவரும் ஒருவர். 1818-ல் பினாங்கில் இருந்த வெல்ஷைப் பார்க்க ஒரு கிழவர் வந்தார். வயதுக்கு மீறித் தளர்ந்துபோயிருந்த துரைச்சாமிதான் அவர். ஊருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டார். பதவியின் விதி இடம் தரவில்லை என்று வெல்ஷ் மறுத்துவிட்டார். இந்தச் சந்திப்பையும் வெல்ஷ் எழுதியதால்தான் நாம் அறிகிறோம்.

மருதிருவரின் வாழ்க்கையைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் சங்கடம். நெருக்கமான சாட்சியம் முழுக்கத் துரத்தியவர்களின் கையெழுத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1859 அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கினார். டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் நோக்கம் வேறு, மருதுகளின் நோக்கம் வேறு. ஆனால் பிரவுனுக்கு நீதிமன்ற விசாரணை நடந்தது. அவர் பேச்சைப் பத்திரிகைகள் அச்சிட்டன. சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. 1909-ல் டு பாய்ஸ் அவர் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது பிரவுனின் சொந்தச் சொற்களே கையில் இருந்தன. திருப்பத்தூரில் தூக்கேறியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஊர் தன் பங்குக்கு வேறு விதமாகச் சேர்த்துவைத்தது. சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் கதையை நாவில் வைத்திருந்தன. குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் பெரிய மருது செய்த திருப்பணிக்கு ஒரு காரணம் சொல்வார்கள்: முதுகில் வந்த ராஜபிளவை வைத்தியத்துக்கு மசியாமல், நகரத்தார் ஒருவர் இட்ட குன்றக்குடித் திருநீற்றில் ஆறியதாம். சகோதரர்களின் சிலைகள் அந்தக் கோயிலில் நிற்கின்றன. காளையார்கோவிலின் பெரிய கோபுரமும் அவர்கள் எழுப்பியதே. 1959-ல் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் 'சிவகங்கைச் சீமை' படத்தைத் தயாரித்தார். படத்தின் வழியே கதை பட்டிதொட்டியெங்கும் போனது.

ஆவணத்தோடு பேசத் தொடங்கியவர் பேராசிரியர் கே. ராஜய்யன். பாளையக்காரர்களின் தனித்தனிக் கலகம் என்று சொல்லப்பட்டதை, திண்டுக்கல் கோபால நாயக்கர் முதல் மலபார் கேரள வர்மா வரை கைகோத்த ஒரே கூட்டணிப் போராகக் காட்டி 1971-ல் நூல் எழுதினார். பின்னால் வந்தவர்களுக்கிடையே, மருதுகள் மன்னர்களா இல்லையா என்று வேறொரு வழக்கு மூண்டது. மீ. மனோகரன் தன் நூலுக்கு 'மருதுபாண்டிய மன்னர்கள்' என்றே பெயரிட்டார். எஸ்.எம். கமாலோ அவர்கள் பிரதானிகள், அதாவது அமைச்சர்கள்தாம் என்று வாதாடினார். பட்டம் எதுவானாலும் சீமையின் கடிவாளம் அவர்கள் கையில் இருந்தது. உயிரைக் கொடுத்தவர்களும் அவர்கள்தாம்.

பட்டத்தைவிட முக்கியமான ஓர் ஆவணம் இருக்கிறது. 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட, சின்ன மருது வெளியிட்ட ஜம்புத்தீவுப் பிரகடனம். நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைக்கிறது. ஆர்க்காட்டு நவாபு ஐரோப்பியருக்கு இடம் கொடுத்த தவறையும், நமக்குள் ஒற்றுமை இல்லாத குறையையும் சொல்கிறது. கம்பெனிப் பட்டாளத்தில் இருக்கும் சுபேதார், சிப்பாய்களையும் எழச் சொல்கிறது. இதுவும் கம்பெனிப் பதிவேட்டில் ஆங்கிலமாக்கி வைத்த வடிவத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் நமக்கு வந்திருக்கிறது. ஆனாலும் அதில் பேசுவது மருதுவின் குரல்.

ஆண்டுதோறும் அக்டோபரில் திருப்பத்தூரிலும் காளையார்கோவிலிலும் மாலைகள் குவிகின்றன. பிரகடனத்தைப் படித்தவர்கள் குறைவு. மாலை போடுகிறவர்கள் ஒரு முறை அதை முழுதாகப் படிக்கட்டும். சிவகங்கை மாவட்டப் பள்ளிகள் அதைச் சுவரில் மாட்டட்டும். இந்தத் தாளைக் கிழிப்பது பெரும்பாவம், பார்த்தவர்கள் படித்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பிரகடனமே கேட்டுக்கொள்கிறது.