சங்கிலியும் மருந்தும்: மனநோயாளியைக் கட்டாயப்படுத்துவதால் பயன் உண்டா?

கி.பி. 1184ஆம் ஆண்டில் டமாஸ்கஸ் நகருக்கு வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் (ரஹ்), அங்கிருந்த நூரிய்யா மருத்துவமனையைத் தம் பயணநூலில் விவரித்துள்ளார். சுல்தான் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவிய பீமாரிஸ்தான் அது. நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்கான மருந்து, உணவுச் செலவும் அங்கே பதிவேட்டில் எழுதப்பட்டன. மருத்துவர்கள் நாள்தோறும் காலையில் வந்து ஒவ்வொருவரையும் பார்த்தனர். மனம் பிறழ்ந்தோருக்கும் சிகிச்சை உண்டு. ஆயினும் அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் அவர் மறைக்காது எழுதினார்.

பீமாரிஸ்தான்களைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் நாம், இந்தக் கடைசிச் செய்தியை விட்டுவிடுவது வழக்கம். விட்டுவிடக் கூடாது. சிகிச்சையும் கட்டாயமும் அன்றே ஒரே கூரையின் கீழ் இருந்தன. இவற்றில் எது நோயாளியைத் தேற்றுகிறது என்ற கேள்வி இன்றுவரை தொடர்கிறது.

அண்மைக் காலத்தில் இக்கேள்வியை முறையாகச் சோதித்துப் பார்த்த நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. 1950களின் நடுவில் அங்கு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 1,50,000 பேர் இருந்தனர். அதே பத்தாண்டில் குளோர்புரோமசின் முதலான மருந்துகள் வந்தன. பெரிய மருத்துவமனைகள் மெல்ல மெல்லக் காலியாயின. நோயாளிகள் வீடு திரும்பினர். ஆனால் வீட்டில் பலர் மருந்தை நிறுத்தினர். நோய் முற்றியது, மீண்டும் மருத்துவமனை. இந்தச் சுழற்சி ஒருபுறம். 1992இல் இலண்டன் நிலத்தடி ரயில் நிலையத்தில் மனநோயாளி ஒருவர் முன்பின் அறியாத ஓர் இளைஞரைக் கொன்றது மக்களிடையே எழுப்பிய அச்சம் மறுபுறம். அக்கொலையை விசாரித்த குழு, அந்த நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிட்டிருந்ததை விரிவாக எடுத்துக்காட்டியது. எனினும் கூடுதல் அதிகாரம் தேவை என்ற குரலே ஓங்கியது.

2008 நவம்பரில் ‘சமூக சிகிச்சை ஆணை’ நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனையில் கட்டாயமாக வைக்கப்பட்டிருந்த ஒருவரை, சில நிபந்தனைகளுடன் வீட்டுக்கு அனுப்புவார்கள். நிலைமை மோசமானால் மருத்துவர் அவரைத் திரும்ப அழைத்து 72 மணி நேரம் வரை மருத்துவமனையில் வைத்திருக்கலாம். சங்கிலியின் இடத்தை ஒரு தாள் பிடித்துக்கொண்டது எனலாம்.

அது பயன் தந்ததா? பேராசிரியர் டாம் பர்ன்ஸ் தலைமையிலான குழு 336 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு இந்த ஆணை. மற்றவர்களுக்குப் பழைய சட்டத்தின்படி குறுகிய கால விடுப்பு. 2013இல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குள் மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் ஆணையின் கீழ் இருந்தோரில் 36 விழுக்காடு. மற்றவரிலும் அதே 36 விழுக்காடு. இத்தகைய ஆணைகளுக்காக முன்னர் வாதிட்டவர் பர்ன்ஸ். முடிவைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டதை அவர் வெளிப்படையாகவே கூறினார். அறிவுடையோரின் நேர்மைக்கு இது நல்ல சான்று.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990களில் நடந்த ஆய்விலும் இரு பிரிவுகளுக்கிடையே மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆறு மாதங்களுக்கு மேல் ஆணை நீடித்து, அதனுடன் அடிக்கடி நேரடிக் கவனிப்பும் கிடைத்தவர்களிடம் மட்டும் முன்னேற்றம் காணப்பட்டது. ஆணையின் கீழ் இருந்தோர் பிறரின் குற்றங்களுக்கு இரையாவது குறைந்தது என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் கவனிப்பு இல்லாத ஆணை வெறும் தாள்தான்.

கவனிப்பு இல்லாத கட்டாயம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சார்ந்து நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். டமாஸ்கஸில் சங்கிலியோடு மருத்துவரும் பதிவேடும் இருந்தன. இங்கே சங்கிலி மட்டும் இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்கிறது. பின்னாளில் ஏர்வாடியிலேயே துஆவுடன் மருந்தும் கிடைக்க அரசு வழி செய்தது.

ஷரீஅத் இதில் என்ன சொல்கிறது? புத்தி பேதலித்தவர் தெளிவு பெறும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. அவர் முகல்லஃப் அல்லர். அவருடைய சொத்தை அவர் கையில் விடாமல் பொறுப்பாளர் காக்கலாம் என ஃபிக்ஹ் நூல்கள் ‘ஹஜ்ர்’ என்ற தலைப்பில் கூறுகின்றன. ஆனால் சூரா அந்நிஸாவின் ஐந்தாம் வசனத்தைக் கவனியுங்கள். பொருளை நிர்வகிக்கத் தெரியாதவரிடம் அதை ஒப்படைக்க வேண்டாம் என்ற கட்டளையோடு, அவருக்கு உணவும் உடையும் அளிக்குமாறும், அவரிடம் இனிய சொல் பேசுமாறும் அல்லாஹ் ஏவுகிறான். அதிகாரத்தைத் தந்த அதே வசனம் கடமையையும் சுமத்துகிறது.

தனக்கோ பிறருக்கோ உயிராபத்து நேரும் வேளையில் ஒருவரைத் தடுத்து மருத்துவமனையில் சேர்ப்பது கட்டாயமாகலாம். அதை எவரும் மறுக்கவில்லை. அதற்குப் பிந்தைய நாட்களே நம் பொறுப்பு. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையின் வக்ஃப் பத்திரம், குணமாகி வெளியேறும் ஏழைக்கு உடை அளிக்குமாறு விதித்தது. வாசலைத் தாண்டியபின் அவர் எப்படி வாழ்வார் என்பதை அன்றே எண்ணியிருக்கிறார்கள்.

நம் மஹல்லாக்களிலும் இத்தகைய குடும்பங்கள் உள்ளன, வெட்கத்தால் வாய்திறப்பதில்லை. மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம், உடன் செல்ல ஒரு துணை, ஜும்ஆவுக்கு வந்தால் அருகில் அமர்ந்து ஸலாம் சொல்ல ஒருவர்: இவற்றை ஏற்பாடு செய்ய ஜமாஅத்துக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. நோயுற்றோருக்கு அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக. அவர்களைக் கைவிடாத சமூகமாக நம்மை ஆக்குவானாக.