14 மில்லிமீட்டர்: முடக்குவாதக் கழுத்தில் இணைப்பு அறுவை பற்றிய முடிவு உருவான வரலாறு

முடக்குவாதத்தால் முதல் இரு கழுத்தெலும்புகள் நழுவிய ஒருவருக்கு அவற்றை இணைத்துவிட வேண்டுமா, கண்காணித்தபடி காத்திருக்கலாமா? இந்தக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக ஓர் எண்ணையே பதிலாகச் சொல்லி வருகிறோம். ஸ்காட் போடன், லாரன்ஸ் டாட்ஜ், ஹென்றி போல்மன், க்ளென் ரெக்டைன் ஆகிய நால்வர் 1993-இல் ‘ஜர்னல் ஆஃப் போன் அண்ட் ஜாயின்ட் சர்ஜரி’ இதழின் அமெரிக்கப் பதிப்பில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது: 14 மி.மீ. தண்டுவடத்துக்கு எஞ்சியிருக்கும் இடம் அந்த அளவோ அதற்குக் குறைவோ என்றால், கைகால் பலவீனம் எதுவும் தெரியாவிட்டாலும் இணைப்பு அறுவைக்குரியவர் என்பது அவர்களுடைய பரிந்துரை. அக்கட்டுரையின் தரவை நான் ஏற்கிறேன். அந்தத் தரவிலிருந்து இந்தப் பரிந்துரை கிடைக்கிறது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில், அளவு எங்கே எடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நோயாளி தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தியிருக்கப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இரண்டாம் கழுத்தெலும்பிலிருந்து பல்லைப்போல் மேலெழும் ஓடண்டாய்டு முனையை, முதல் எலும்பான அட்லஸின் முன்வளைவோடு ஒரு குறுக்கு நார் இறுக்கிப் பிடித்திருக்கும். மூட்டுச்சவ்வின் அழற்சி அந்த நாரைத் தளர்த்திவிட்டால், தலை குனியும்போது அட்லஸ் முன்னால் நழுவும். முன்பெல்லாம் அட்லஸின் முன்வளைவுக்கும் அந்த முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியையே அளந்தார்கள்; வயதுவந்தவர்களில் அது 3 மி.மீ.க்கு மேல் போனால் நழுவல் என்று பெயர். போடன் குழு அளந்தது பின்பக்கத்தை, அதாவது முனையின் பின்விளிம்பிலிருந்து அட்லஸின் பின்வளைவு வரை. தண்டுவடம் கிடப்பது அங்கேதான் என்பதால் இந்த மாற்றம் மிகச் சரியானது. முன் இடைவெளிக்கும் நரம்புக் குறைபாட்டுக்கும் தொடர்பில்லை என்று அவர்கள் காட்டியது இத்துறையின் பெரிய திருத்தங்களில் ஒன்று. 14 என்பதற்கான உடற்கூற்றுக் கணக்கும் எளிது. தண்டுவடம் 10 மி.மீ., அதன் உறை இருபுறமும் ஒவ்வொரு மி.மீ., சுற்றியுள்ள நீர் இருபுறமும் ஒவ்வொரு மி.மீ.

இந்த இடத்துக்கு வந்து சேர நூறாண்டு ஆயிற்று. ஆர்ச்சிபால்ட் கேரொட் 1890-இல் வெளியிட்ட நூலில் 500 முடக்குவாத நோயாளிகளில் 178 பேருக்குக் கழுத்து பாதிக்கப்பட்டிருந்ததாகக் கணக்குக் காட்டினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படும் முன்பே, நோயாளியைக் கேட்டும் தொட்டும் எண்ணிய எண் அது. கழுத்துப் பாதிப்பு என்றால் அன்று வலியும் விறைப்பும்தான். அதனால் உயிரே போகலாம் என்பது, முகுளம் நசுங்கி ஒரு நோயாளி இறந்ததை 1951-இல் டேவிஸும் மார்க்லியும் எழுதியபோதுதான் பலருக்கும் உறைத்தது. அறுவை முறையோ அதற்கும் முந்தியது. முதலிரு எலும்புகளைப் பட்டு நூலால் கட்டியதை மிக்ஸ்டரும் ஆஸ்குட்டும் 1910-இல் எழுதினார்கள். டொரண்டோவின் கேலி, கம்பியும் எலும்புத் துண்டும் வைத்து இணைப்பதை 1939-இல் விவரித்தார். இரண்டுமே அடிபட்ட கழுத்துகளுக்காக உருவானவை. முடக்குவாதக் கழுத்துக்கு யாரை, எப்போது மேசைக்கு அனுப்புவது என்ற கேள்வி, அறுவை கைக்கு வந்த பிறகே எழுந்தது.

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் ‘ஆனல்ஸ் ஆஃப் த ருமாட்டிக் டிசீசஸ்’ இதழில் அடுத்தடுத்து வந்த கட்டுரைகள் நிதானத்தையே போதித்தன. ஷார்ப்பும் பர்சரும் 1961-இல் எழுதினார்கள். ஸ்மித், பென், ஷார்ப் மூவரும் 1972-இல் நழுவிய கழுத்துகளின் இயற்கைப் போக்கைப் பதிவு செய்தார்கள். மேத்யூஸ் தம்முடைய ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பை 1974-இல் வெளியிட்டார். படத்தில் நழுவல் தெரிகிற பலரில் சிலருக்கே தண்டுவடம் கெடுகிறது என்பதே இவற்றின் பொதுப் போக்கு.

அடுத்த ஆண்டே ஸ்வீடனிலிருந்து எதிர்க்குரல் வந்தது. மிக்குலோவ்ஸ்கி குழு, முடக்குவாத நோயாளிகள் 104 பேரின் பிணக்கூறாய்வில் 11 பேருக்குத் தண்டுவடம் நசுங்கும் அளவுக்குக் கடுமையான நழுவலைக் கண்டது. அவர்களில் 7 பேர் திடீரென இறந்தவர்கள். காத்திருப்பதற்கு எதிராக இன்றுவரை சொல்லப்படும் மிக வலிய சான்று இதுதான். அதில் ஒரு நுட்பத்தைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். அந்த 11 பேரிலும் ஓடண்டாய்டு முனை பின்னால் மட்டும் சாயவில்லை; மேல்நோக்கியும் ஏறி, மண்டையோட்டின் அடித்துவாரத்துக்குள் முகுளத்தை இடித்திருந்தது. எனவே கொன்றது முன்னால் நழுவிய அட்லஸ் மட்டுமன்று, தலை கீழிறங்கி அமர்ந்ததும்தான். இவ்விரண்டையும் ஒரே ஆபத்தாகச் சேர்த்துப் பேசுவது பின்னாளைய விவாதத்தை மிகவும் குழப்பியது.

இந்தியாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய சித்தரஞ்சன் ரணாவத் 1979-இல் தந்த வகைப்பாடு, முடிவின் ஆதாரத்தை நோயாளியின் உடலுக்குக் கொண்டுவந்தது. நரம்புக் குறைபாடு இல்லாதவர் முதல் வகுப்பு. பலவீனமாக உணர்ந்து, அனிச்சைச் செயல்கள் மிகைப்பட்டு, உணர்ச்சி மாறியவர் இரண்டாம் வகுப்பு. சோதனையில் பலவீனம் உறுதியாகியும் நடக்க முடிபவர் மூன்று-அ. நடக்க முடியாதவர் மூன்று-ஆ. இதில் மில்லிமீட்டர் எங்கும் இல்லை. போடன் குழுவும் தம் நோயாளிகளை இந்த வகுப்புகளாலேயே பிரித்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி 1993-க்கு வருவோம். 20 ஆண்டுகளில் சேர்ந்த நோயாளிகள் 73 பேர். சராசரிக் கண்காணிப்பு 7 ஆண்டுகள். 42 பேருக்கு நரம்புக் குறைபாடு வந்தது, 31 பேருக்கு வரவில்லை. குறைபாடு வந்தவர்களில் 35 பேருக்கு அறுவை நடந்தது. 14 என்ற எண் இந்தக் கட்டுரையில் ஒரே வேலையைச் செய்யவில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்த அனைவருக்கும் இடம் 14 மி.மீ.க்குக் குறைவாக இருந்தது என்பது முதல் கூற்று. அது ஒரு விவரிப்பு. குறைபாடு இருந்தும் 14 மி.மீ. இடம் எஞ்சியிருந்தவர்கள் அறுவைக்குப் பின் முழு இயக்கத்தையும் திரும்பப் பெற்றார்கள் என்பது இரண்டாவது. அது அறுவைக்குப் பிந்தைய முன்கணிப்பு. 14 அல்லது அதற்குக் கீழே என்றால் அறிகுறி இல்லாதவருக்கும் இணைக்கலாம் என்பது மூன்றாவது. இது கட்டளை. முதல் இரண்டிலிருந்து மூன்றாவதற்குத் தாவ எந்தப் பாலமும் அங்கே இல்லை. மோசமானவர்கள் எல்லாரும் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள் என்பதால், கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் மோசமாவார்கள் என்று ஆகிவிடாது.

இதைக் கட்டுரையின் புள்ளிவிவரமே சொல்லிவிடுகிறது. 14 மி.மீ. கோடு, குறைபாடு உள்ளவர்களில் 97 விழுக்காட்டினரைப் பிடித்தது. கோட்டுக்கு மேலே இருந்தவர்களில் 94 விழுக்காட்டினர் குறைபாடு இல்லாதவர்கள். மீள்பார்வைக் கட்டுரைகள் இவ்விரண்டையும் தவறாமல் மேற்கோள் காட்டுகின்றன. குறைபாடு இல்லாதவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரும் அதே கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள் என்ற செய்தி மட்டும் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. முதுகெலும்பு அறுவை மருத்துவர்களிடம் வந்து சேர்ந்த இந்த நோயாளிகளில் பாதிக்கு மேல் குறைபாடு உள்ளவர்கள். சாதாரண மூட்டுவாதப் புறநோயாளிப் பிரிவில் அந்த விகிதம் இருக்காது. ஒரு பேச்சுக்கு, அங்கே கழுத்து நழுவிய 100 பேரில் 10 பேருக்குக் குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கோடு அந்தப் 10 பேரையும் பிடிக்கும். அவர்களோடு குறைபாடு இல்லாத 43 பேரையும் பிடிக்கும். கோட்டுக்குக் கீழே என்று சொல்லப்படும் ஐவரில் நால்வருக்கு எதுவும் இல்லை. பாதுகாப்பாக இருப்பவரை அடையாளம் காண மிக நல்ல கோடு இது. அறுவைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் கோடாக இதைப் பயன்படுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அக்கட்டுரையில் இன்னொரு முடிவு உண்டு. என் வாசிப்பில் அதுவே முக்கியமானது. அறுவைக்குப் பின் நரம்புகள் எவ்வளவு மீளும் என்பது, குறைபாடு எவ்வளவு காலம் இருந்தது என்பதைப் பொறுத்ததல்ல. அறுவையின்போது எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதையும் எஞ்சிய இடத்தையும் பொறுத்தது. 10 மி.மீ.யாவது இருந்தவர்கள் குறைந்தது ஒரு வகுப்பு முன்னேறினார்கள். 10-க்குக் கீழே யாருமே மீளவில்லை. தலை கீழிறங்கியதும் சேர்ந்திருந்தால் குறிப்பிடத்தக்க மீட்சிக்கு 13 மி.மீ. வேண்டியிருந்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், அறிகுறியே இல்லாதவரை 14-இல் நிறுத்தி அறுப்பதை விட, இரண்டாம் வகுப்பின் முதல் அடையாளத்திலேயே தாமதிக்காமல் அறுப்பது என்ற முடிவுக்குத்தான் கட்டுரை நம்மை இட்டுச் செல்கிறது. 35 பேரை வைத்துச் சொன்ன முடிவு என்பதால் இதன் மீது பெரும் பாரம் ஏற்ற முடியாது. ஆனால் அதே 35 பேர்மீதுதான் எதிர்ப்பரிந்துரையும் நிற்கிறது.

என் வாசிப்புக்கு எதிராக மூன்று வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது, முடக்குவாதம் தன் அறிகுறியைத் தானே மறைத்துக்கொள்கிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, காபி டம்ளர் கைநழுவுகிறது என்று ஒருவர் சொன்னால், அதற்கு விரல் மூட்டுகளும் காரணமாகலாம், தண்டுவடமும் காரணமாகலாம். முழங்கால் மாற்றியவரின் நடை தள்ளாடினால் யாரும் கழுத்தைப் பார்ப்பதில்லை. மூன்று-ஆ வரை வந்தவருக்கு அறுவை மிகத் தாமதமா என்று 1996-இல் ‘லான்செட்’ இதழில் கேஸியும் க்ரோக்கார்டும் உள்ளிட்டோர் எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த வருத்தமான பதிலை நான் மறக்கவில்லை. ஆனால் அது மூன்று-ஆ வரை விட்டுவிடாதீர்கள் என்கிற சான்று. முதல் வகுப்பிலேயே அறுத்துவிடுங்கள் என்கிற சான்று அன்று.

இரண்டாவது ஜப்பானியச் சான்று. அறுவையை மறுத்த 21 நோயாளிகளைத் தொடர்ந்த சுனஹாரா குழு, மூன்றாண்டுக்குள் அனைவருமே படுக்கையில் விழுந்ததை 1997-இல் எழுதியது. படிக்க நெஞ்சு கனக்கும் கட்டுரை. ஆயினும் அந்த 21 பேரும் தொடக்கத்திலேயே தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள். மேலும், மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள் என்பது ஒப்பீட்டையே மாற்றக்கூடியது. உடல் மிகத் தளர்ந்தவர்கள் மறுத்திருந்தால், அறுவை செய்துகொண்டவர்களின் நல்ல முடிவு முழுவதும் அறுவையால் வந்ததாகாது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டாய்வு இக்கேள்வியில் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது வாதம்தான் என்னை உண்மையில் தயங்கவைக்கிறது. முதலிரு எலும்புகளை மட்டும் இணைத்தவர்களில் 5.5 விழுக்காட்டினருக்கும், மண்டையோடு வரை இணைத்தவர்களில் 36 விழுக்காட்டினருக்கும் பின்னர் கீழ்க்கழுத்தில் நழுவல் வந்ததை க்ராஸ் குழு 1991-இல் காட்டியது. சிறிய அறுவையை முன்கூட்டியே செய்தால், தலை கீழிறங்கி மண்டையோடு வரை இணைக்கும் நிலையைத் தவிர்க்கலாம் என்பது இதிலிருந்து எழும் வாதம். சிறிய இணைப்பும் கழுத்துத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்ளும். மண்டையோடு வரை போனால் தலையசைப்பும் போய், கோணம் பிசகினால் சோறு விழுங்குவதே சிரமமாகும். தோளும் மணிக்கட்டும் ஏற்கெனவே முடங்கியவருக்கு இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. எனவே படங்களில் தலை இறங்கத் தொடங்கிவிட்டவரின் விஷயத்தில், அறிகுறி இல்லாவிட்டாலும், போடன் குழுவோடு நான் உடன்படுகிறேன். மிக்குலோவ்ஸ்கி குழு கண்ட 11 பேரும் அந்தப் பக்கம்தான் சாட்சி சொல்கிறார்கள்.

எண்ணின் பொருளும் காலத்தோடு நகர்ந்தது. அந்த 20 ஆண்டுகள் பெரும்பாலும் கம்பியின் காலம். மண்டையில் ஆணி பொருத்திய ‘ஹேலோ’ வளையத்தோடு மாதக்கணக்கில் இருந்தும் எலும்பு சேராமல் போவது உண்டு. மூட்டுக்குக் குறுக்கே திருகாணி செலுத்தும் மாகெர்லின் முறை 1980-களில் பரவியது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயலும் லஹேரியும் 1994-இல் தகடு-திருகாணி முறையையும், ஹார்ம்ஸும் மெல்ச்சரும் 2001-இல் அதன் உலோகத்தண்டு வடிவத்தையும் வெளியிட்டார்கள். அறுவை பாதுகாப்பாக ஆகும்போது முன்கூட்டிச் செய்யும் ஆசை கூடுவது இயல்பு. அதே காலத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டும் உயிரியல் மருந்துகளும் நோயையே மாற்றின. தொடக்கத்திலேயே கூட்டு மருந்து பெற்றவர்களுக்கு அட்லஸ் நழுவல் குறைவதை 2000-இல் ஃபின்லாந்தின் நேவா குழு காட்டியது. இந்த இரு மாற்றங்களும் கோட்டை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன; கோடு மட்டும் 1993-இல் போட்ட இடத்திலேயே இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. வந்த பிறகு எக்ஸ்ரே அளவின் உறுதியும் தளர்ந்தது. முனைக்குப் பின்னால் திரளும் அழற்சித் திசு எக்ஸ்ரேயில் தெரியாது. படத்தில் 15 மி.மீ. காட்டும் ஒருவருக்கு உண்மையில் 12 மி.மீ.யே இருக்கலாம். பின்பக்கம் இணைத்து அசைவை நிறுத்தினால் அந்தத் திசு சுருங்குகிறது என்று 1997-இல் க்ரோப் குழு காட்டியது. ஆக, எஞ்சும் இடம் ஒரே ஆளுக்கே மருந்தாலும் அறுவையாலும் மாறக்கூடியது. மெத்தோட்ரெக்ஸேட்டைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டும் அட்லஸ் நழுவி, 13 மி.மீ. எஞ்சி, நரம்பு அறிகுறி ஏதும் இல்லாதவர்தான் இன்று இந்த முடிவின் முன் நிற்கிறார். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த படங்களில் அவருடைய இடம் எவ்வளவு மாறுகிறது, ஓராண்டில் எவ்வளவு குறைகிறது, தலை இறங்குகிறதா, எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் நிறம் மாறியிருக்கிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சோதித்துக்கொள்ள அவரால் முடியுமா என்ற கேள்விகளில் பலவற்றுக்கு அந்த 73 பேரின் அட்டவணையில் பத்தி இல்லை.