இஞ்சி, பச்சை மஞ்சள், எலுமிச்சை: வீட்டிலேயே தயாரிக்கும் 'ஷாட்' - அளவும் எச்சரிக்கையும்

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் காபிக் கடைகளில் இப்போது சிறு கண்ணாடி பாட்டில்களில் மஞ்சள் நிறச் சாறு ஒன்றைப் பார்க்கிறோம். 'வெல்னஸ் ஷாட்', 'இம்யூனிட்டி ஷாட்' என்று பெயர். ஒரே மிடறில் குடித்துவிடும் அளவு; 50 அல்லது 60 மில்லி. இஞ்சி, பச்சை மஞ்சள், எலுமிச்சை, மிளகு, தேன் ஆகியவைதான் பொதுவாக உள்ளே இருப்பவை.

இவற்றில் நம் அடுப்படிக்குப் புதியது எதுவும் இல்லை. காலையில் இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து குடிப்பது நம் பெரியவர்களின் பழக்கம். 2020-ல் கொரோனா பரவியபோது கபசுரக் குடிநீர் வீடுவீடாக வந்தது. அன்று தொடங்கிய 'எதிர்ப்புச் சக்தி' பற்றிய கவலை இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. அதனால் கடையில் காசு கொடுத்து வாங்குவதை வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் ஒரே ஜாடியில் தயாரித்து வீட்டில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும், கர்ப்பிணி மருமகளுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கும் ஒரே டம்ளர். தவறு நேர்வது அங்கேதான். இது நல்ல உணவு, மருந்து அல்ல. எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்துவதும் அல்ல.

எதை, எப்போது வாங்குவது?

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பகுதிக் கடைகளுக்கு இஞ்சியும் எலுமிச்சையும் பெரும்பாலும் சென்னைக் கோயம்பேடு சந்தை வழியாகவே வருகின்றன. இஞ்சிக்குக் கேரளத்தின் வயநாடும் கர்நாடகமும், எலுமிச்சைக்குத் தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியும் ஆந்திராவின் கூடூரும் பெயர்பெற்றவை. கோடையில் எலுமிச்சை விலை ஏறும். விலை குறைவாக இருக்கும்போது வாங்கிச் சாறு பிழிந்து, ஐஸ் தட்டில் உறையவைத்துக்கொண்டால் ஒரு மாதம் வரை கைகொடுக்கும்.

பச்சை மஞ்சள் பொங்கலையொட்டி இலையோடு கொத்தாகச் சந்தைக்கு வருகிறது. அதன் பிறகும் சில வாரங்கள் கிழங்காகக் கிடைக்கும். 2026, 2027 ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரியில் தொடங்குவதால் நோன்புக் காலத்திலும் பச்சை மஞ்சள் கிடைக்க வாய்ப்புண்டு.

தூளைவிடக் கிழங்கு நல்லது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. நிறம் பளிச்சென்று தெரிவதற்காக மஞ்சளில் ஈயம் கலந்த குரோமேட் சேர்க்கப்படுவதை வங்கதேசத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளிக்கொண்டு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கையால் கழுவி நறுக்கும் பச்சைக் கிழங்கில் இந்தக் கலப்படத்துக்கு இடமில்லை.

பச்சை மஞ்சள் கிடைக்காத மாதங்களில் நன்னாரி வேர் இருக்கிறது. நோன்பு திறக்கும்போது நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து குடிப்பது நமக்குப் பழகியதுதான். வேரும் புளிப்புப் பழமும் சேர்ந்த நம் ஊர் 'ஷாட்' அது. செங்கல்பட்டு மாவட்டத்தின் தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் மூலிகைத் தோட்டம் வளர்த்து, மூலிகைப் பொருள்கள் தயாரித்து வருகிறது. வேர், பட்டை வாங்கும்போது இப்படிச் செடியை அறிந்தவர்களிடம் வாங்குவதே பாதுகாப்பு. மாகாளிக் கிழங்கும் நன்னாரி மணம் கொண்டது. நன்னாரி என்ற பெயரில் அதையும் விற்பதுண்டு.

தயாரிக்கும் முறை (50 மில்லி வீதம் 8 பேருக்கு, அல்லது 4 பேருக்கு இரண்டு நாள்)

- பச்சை இஞ்சி: 50 கிராம்
- பச்சை மஞ்சள்: 25 கிராம்
- நடுத்தர எலுமிச்சை: 5 (சாறு சுமார் 100 மில்லி)
- மிளகுத்தூள்: கால் தேக்கரண்டி
- தேன்: 2 மேசைக்கரண்டி
- கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்: 275 மில்லி

இஞ்சியையும் மஞ்சளையும் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் இடுக்கிலுள்ள மண் இளகும். தேய்த்துக் கழுவித் தோலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இஞ்சிக்குத் தோல் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மண்ணும் கிருமியும் ஒட்டியிருப்பது தோலில்தான் என்பதால் எப்படிப் பார்த்தாலும் நீக்குவதே நல்லது.

முதலில் இஞ்சியை மட்டும் பாதித் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, சுத்தமான வெள்ளைத் துணியில் பிழியுங்கள். சாற்றை 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். வண்டல் நீங்கினால் தொண்டையில் கரகரப்பும் இருக்காது.

அடுத்து மஞ்சளை மீதித் தண்ணீரில் அரைத்து டீ வடிகட்டியில் வடியுங்கள். இதைத் தெளியவைக்க வேண்டாம். மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது. தெளியவைத்தால் அது வண்டலோடு போய்விடும்.

இரண்டையும் கலந்து எலுமிச்சைச் சாறு, தேன், மிளகுத்தூள் சேர்த்துக் கலக்குங்கள். எலுமிச்சையைத் தோலோடும் விதையோடும் மிக்ஸியில் போடாதீர்கள், கசந்துவிடும். புளிப்புச் சாறு என்பதால் பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கண்ணாடி அல்லது எவர்சில்வர் போதும். குடிக்கும் முன் பாட்டிலைக் குலுக்கிக்கொள்ளுங்கள். மிக்ஸி ஜாரிலும் துணியிலும் படிந்த மஞ்சள் கறை, கழுவி வெயிலில் காயவைத்தால் வெளுத்துப் போகும்.

இந்த அளவில் ஒருவருக்குச் சுமார் 6 கிராம் பச்சை இஞ்சி சேருகிறது. உலர்ந்த கணக்கில் இது ஏறத்தாழ ஒரு கிராம். குமட்டலுக்கு இஞ்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் ஒரு நாளைக்குக் கொடுத்த அளவும் இதுதான். எனவே ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

நன்னாரியில் செய்வதானால் 25 கிராம் வேரைக் கழுவி, தட்டி, நடுவிலுள்ள கட்டை நரம்பை நீக்கிவிடுங்கள். அரை லிட்டர் வெந்நீரில் ஊற்றி மூடி, ஆறியபின் குளிர்பெட்டியில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். குடிக்கும்போது எலுமிச்சை சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரைப் பாகு காய்ச்சத் தேவையில்லை.

எத்தனை நாள் வைக்கலாம்?

குளிர்பெட்டியில் இரண்டு நாள். மிஞ்சினால் மூன்று நாள். வெளியே வைக்க வேண்டாம். நம் கடலோர வெயிலில் இந்தச் சாறு வேகமாகப் புளிக்கும். இஞ்சித் தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. தேனோ சர்க்கரையோ கிடைத்தால் அது நுரைத்து வாயுவையும் ஆல்கஹாலையும் உண்டாக்கும். மேல்நாட்டில் இஞ்சி பீர் இப்படித்தான் செய்யப்படுகிறது. மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வந்தால், குமிழி எழுந்தால், வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

இதில் நமக்கு ஒரு வழிகாட்டலும் இருக்கிறது. உலர் திராட்சை ஊறவைத்த நீரை நபி (ஸல்) அவர்கள் மூன்றாம் நாள் மாலை வரை அருந்தியதாகவும், அதன் பிறகு எஞ்சியதை அருந்தாமல் விட்டதாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குளிர்பெட்டி இல்லாத காலத்திலேயே பேணப்பட்ட இந்தக் கவனம் நம் சமையலறைக்கும் தேவை.

பலன் என்ன? எவ்வளவு?

இஞ்சியை அரபியில் ஸன்ஜபீல் என்பர். சொர்க்கவாசிகளின் பானத்தில் அது கலந்திருக்கும் என்று குர்ஆனின் 76-வது அத்தியாயம் 17-வது வசனம் குறிப்பிடுகிறது. 'இஞ்சி வேர்' என்ற நம் தென்னாட்டுச் சொல்லே பல மொழிகள் வழியாகப் பயணித்து ஸன்ஜபீல் ஆனது என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் சேராது. மிளகிலுள்ள பைப்பரின் அதைப் பல மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூரில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால்தான் மிளகு சேர்க்கிறோம். ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது 2 கிராம் தனிக் குர்குமின். நம் டம்ளரில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே. ஆய்வின் பலனை நம் டம்ளரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வைட்டமின் சி கணக்கையும் பார்த்துவிடுவோம். எலுமிச்சைச் சாறு 100 மில்லியில் சுமார் 30 முதல் 40 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. நம் அளவில் ஒருவருக்குக் கிடைப்பது 12 மில்லி சாறு. அதாவது 4 அல்லது 5 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பரிந்துரைத்த அளவோ ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம். வைட்டமின் சி-க்காக என்றால் ஒரு கொய்யாப்பழம் இந்த பாட்டிலைவிடப் பல மடங்கு மேல். சாற்றிலேயே வேண்டுமென்றால் இரண்டு நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி அரைத்துச் சேருங்கள்.

அப்படிச் சேர்த்தாலும் சளியே பிடிக்காது என்று நம்ப வேண்டாம். வைட்டமின் சி மாத்திரைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, தினமும் எடுத்தாலும் பொதுமக்களுக்குச் சளி வருவது குறையவில்லை என்றது. வந்த சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 8 விழுக்காடும் குழந்தைகளுக்கு 14 விழுக்காடும் குறைந்தது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது? யார் கேட்டுக்கொள்ள வேண்டும்?

- ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. பொட்டுலிசம் என்னும் கடும் நச்சுநோய் வரலாம். சிறு பிள்ளைகளுக்கு இந்தக் காரம் தேவையே இல்லை. நீர்த்த எலுமிச்சைச் சாறு போதும்.
- வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்றவற்றை இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. இஞ்சியும் மஞ்சளும் இரத்தக் கசிவைக் கூட்டலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இதைக் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.
- பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மஞ்சள் சேர்த்தது வேண்டாம். மஞ்சளில் ஆக்சலேட் உண்டு.
- சர்க்கரை நோயாளிகள் தேனை விட்டுவிடுங்கள். தேனும் சர்க்கரைதான், ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. இதைக் குடிப்பதால் மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடவே கூடாது.
- கர்ப்பிணிகள் சமையலில் சேரும் அளவு இஞ்சிக்கு அஞ்ச வேண்டாம். தினசரி ஷாட் என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.
- வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் தவிர்க்கவும்.

மஞ்சளோடு மிளகுச் சத்தைச் செறிவாகச் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிழங்கைச் சமையல் அளவோடு சேர்ப்பதும் மாத்திரையாக விழுங்குவதும் ஒன்றல்ல.

பல்லையும் கவனிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பல்லின் மேற்பூச்சை அரிக்கும். வாயில் வைத்துச் சுவைக்காமல் விழுங்கி, உடனே தண்ணீரால் கொப்பளியுங்கள். பல் துலக்குவதாக இருந்தால் அரைமணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

நோன்பு நாட்களில்

நோன்பு திறந்தவுடன் காலி வயிற்றில் இதைக் குடிக்க வேண்டாம். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி முடிந்து, மஃரிபு தொழுதபின் அருந்தலாம். சிறிது கொழுப்புள்ள உணவுக்குப் பின் மஞ்சள் உடலில் நன்றாகச் சேரும். ஸஹரில் காரமும் புளிப்பும் சிலருக்கு நாள் முழுதும் எரிச்சல் தரும் என்பதால் தவிர்ப்பதே மேல்.

மூலிகையைத் தொடர்ந்து எடுக்க விரும்புபவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 முதல் இயங்கும் மத்திய அரசு நிறுவனம் அது. சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் சென்று காட்டிக் கேட்கலாம்.

அடுத்த முறை ஜாடியிலிருந்து டம்ளர்களில் ஊற்றும் முன், வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். இஞ்சியும் மஞ்சளும் எலுமிச்சையும் இறைவன் தந்த அருட்கொடைகள். அளவறிந்து, ஆளறிந்து அருந்தினால் இன்ஷா அல்லாஹ் நன்மை தரும்.