ராஜா தலைமேல் ஜெய்ஹிந்த்

மக்களே, 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்கே ராஜா படம் போட்ட தபால்தலையெல்லாம் ஒழிஞ்சு போச்சுன்னு நினைக்கிறீங்களா? அதான் இல்லை! சுதந்திரம் வந்த பிறகும் ஆறாம் ஜார்ஜ்தான் கவர்ல உட்கார்ந்திருந்தார். ஆனா, அன்னைக்கு வந்த சிறப்பு முத்திரையில 'ஜெய்ஹிந்த்'. அதை ராஜா தலைமேலயே அடிச்சாங்க :)

நம்ம முதல் தபால்தலை வர 98 நாள் ஆச்சு. நவம்பர் 21, மூவர்ணக்கொடி, மூன்றரை அணா. அது வெளிநாட்டுக் கடிதங்களுக்கு. டிசம்பர் 15ல் இன்னும் ரெண்டு: உள்நாட்டுக்கு ஒன்றரை அணா அசோகர் சிங்கம், வெளிநாட்டு விமானத் தபாலுக்கு 12 அணா விமானம். மூணுலயும் ஜெய்ஹிந்த் உண்டு.

1948 மே 29ல் மறுபடி ஒரு 12 அணா. ஜூன் 8ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயில இருந்து லண்டனுக்கு முதல்முறையா பறந்ததே, அதுக்காக. ராஜாவோட ஊருக்கே நம்ம விமானம்!

நான் இதையெல்லாம் கவரோடதான் சேர்க்கிறேன். தனி ஸ்டாம்ப் படத்தை மட்டும்தான் காட்டும். எந்த ஊர்ல, எந்த நாள்ல ஒட்டினாங்கன்னு முதல்நாள் உறையில இருக்கிற முத்திரைதான் சொல்லும். அதனால தாத்தா பெட்டியில பழைய கவர் கிடைச்சா, தயவுசெஞ்சு ஸ்டாம்பைத் தண்ணியில ஊறப்போட்டுப் பிரிக்காதீங்க. பிரிச்சா பசையோட சேர்ந்து சரித்திரமும் கரைஞ்சிடும்.